கண்ணாடி எழும் நேரம்

ஃபிலிம் கேமராவில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஏதோ ஒன்று 'களக்' என்று புரளும். கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சிறு ஜன்னல் ஒருமுறை இருண்டு, உடனே வெளிச்சமாகும். எஸ்.எல்.ஆர். வகைக் கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் 45 பாகை சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புவது அதுதான். படம் பதியவேண்டும் என்றால் அதே ஒளி ஃபிலிமுக்குப் போயாக வேண்டும். ஆகவே கண்ணாடி மேலே எழுந்து வழிவிடுகிறது. அது எழுந்து நிற்கும் நேரம் முழுக்க எடுப்பவரின் கண்ணுக்கு இருட்டு.

அப்படியானால், படத்தில் பதிந்திருக்கும் கணத்தை, படமெடுத்தவர் மட்டும் பார்த்திருக்கவே மாட்டார். அதற்கு முந்தியதைப் பார்த்தார், பிந்தியதைப் பார்த்தார். நடுவில் இருந்தது ஃபிலிமுக்குப் போய்விட்டது.

மலையையும் மணமேடையையும் எடுப்பவருக்கு இதனால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் நான் கல்லூரியில் படித்தபோது, விளையாட்டு விழாவில் நீளம் தாண்டும் மாணவி ஒருவரைப் படமெடுக்கச் சொன்னார்கள். இரவல் கேமரா, ஒரு ரோல் ஃபிலிம், 36 படங்கள். அவர் காற்றில் உச்சிக்குப் போனபோது அழுத்தினேன் என்றுதான் நம்பினேன். கழுவி வந்த படங்களில் ஒன்றில்கூட அவர் காற்றில் இல்லை. எல்லாவற்றிலும் மணலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்குப் புரியாத கணக்கு இதுதான்: கண் கண்டதை மூளை உணர்ந்து, விரலுக்குச் சொல்லி, விரல் அசைய ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. அதற்குமேல் கண்ணாடி எழவும் ஷட்டர் திறக்கவும் 0.05 முதல் 0.1 விநாடி. ஆக, கண்ணால் கண்டுவிட்டு அழுத்தினால் கால் விநாடி தாமதம். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறவர் அதற்குள் ஒன்றேகால் மீட்டர் தள்ளிப் போயிருப்பார்.

இந்தக் கால் விநாடியோடு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்த ஒருவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஜே. கிராண்ட் பிரிட்டெயின் என்பது அவர் பெயர். கலிஃபோர்னியாவின் தெற்குக் கோடியில், சான் டியேகோ நகருக்கு வடக்கே பசிபிக் கடலோரத்தில் இருக்கும் டெல் மார் என்ற ஊரில் 1978இல் ஒரு ஸ்கேட் பூங்கா திறந்தது. டெல் மார் ஸ்கேட் ராஞ்ச். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கிராண்ட் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். தானும் ஸ்கேட்போர்டு என்னும் சக்கரப் பலகை ஓட்டுகிறவர், ஓவியக்கலை படித்துக்கொண்டிருந்தவர். 1979இல் உடன் தங்கியிருந்த நண்பரின் கேமராவை இரவல் வாங்கி, பூங்காவில் பறந்துகொண்டிருந்த ஒரு பையனை எடுத்தார். அது நன்றாக வந்தது. பிறகு பாலோமர் கல்லூரியில் புகைப்பட வகுப்பில் சேர்ந்து, இருட்டறையில் வெள்ளைத்தாளின்மேல் உருவம் மெல்ல எழும்பி வருவதைப் பார்த்தபின் அவர் திரும்பவில்லை.

பையன்கள் பறந்தார்கள் என்று சொன்னேன். அதற்கும் ஒரு பின்கதை உண்டு. 1960களின் ஸ்கேட்போர்டுகளுக்குக் களிமண் கலவையால் ஆன சக்கரங்கள். சாலையில் ஒரு சிறு கல் இடறினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னே போய் விழுவார். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வர்தி என்ற இளைஞர் பாலியூரித்தேன் சக்கரங்களைக் கொண்டுவந்தார். அது ரப்பரைப்போலச் சற்றே அமுங்கிக் கல்லை விழுங்கிக்கொண்டு ஓடும். வழுக்காமல் தரையைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து 1976, 77இல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டுத் தோட்டங்களில் நீச்சல்குளங்கள் வற்றிக் கிடந்தன. அடியிலிருந்து சுவர்வரை வளைந்து ஏறும் அந்தக் குளங்களில் பையன்கள் வேலியேறிக் குதித்துப் பலகை ஓட்டினார்கள். சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி, ஆகாயத்துக்குப் போய்த் திரும்பினார்கள். ஸ்கேட் பூங்காக்களின் காங்கிரீட் கிண்ணங்கள் இந்தக் குளங்களைப் பார்த்துக் கட்டப்பட்டவைதான். அவற்றில் பெரும்பாலானவை விபத்துக் காப்பீட்டுச் செலவு தாங்காமல் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. தப்பிப் பிழைத்த சிலவற்றில் டெல் மாரும், கடலைவிட்டு உள்ளே தள்ளி அப்லண்ட் என்ற ஊரில் இருந்த பைப்லைனும் முக்கியமானவை. 1980களின் தொடக்கத்தில் நல்ல ஓட்டக்காரர்கள் எல்லோரும் இந்த ஓரிரு இடங்களில்தான் வந்து சேர்ந்தாக வேண்டியிருந்தது. வேலை பார்க்கும் இடத்தில் கையில் கேமராவோடு கிராண்ட் நின்றிருந்தார்.

கிண்ணத்தில் ஒருவர் எப்படிப் பறக்கிறார்? 3 மீட்டர் ஆழக் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து இறங்கினால் அடியைத் தொடும்போது வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். அதே வேகம் எதிர்ச்சுவரில் ஏற்றிவிடும். உராய்வில் கொஞ்சம் தொலைவதால் விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட வேண்டும். ஆனால் அவர்கள் விளிம்பைத் தாண்டி ஆளுயரம் எழுகிறார்கள். கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடியவர்களுக்கு விடை தெரியும். யாரும் தள்ளிவிடாமல், கீழே வரும்போது உட்கார்ந்து எழுந்து, எழுந்து உட்கார்ந்து ஊஞ்சலை உத்தரம்வரை கொண்டுபோவார்கள் அல்லவா, அதேதான். வளைவில் போகும்போது உடல் கனத்து அழுத்தும். அந்தக் கனத்தை எதிர்த்து முழங்காலை நிமிர்த்தினால் கால்கள் செய்த வேலை வேகமாக மாறிவிடுகிறது. பலகையைத் தள்ள ஆளில்லை, மோட்டார் இல்லை. தொடைதான் இயந்திரம்.

விளிம்பைவிட்டு 1.2 மீட்டர் எழும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மேலே போய்த் திரும்ப விளிம்புக்கு வர ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். இதில் ஒரு விந்தை இருக்கிறது. மேலே எறிந்த எந்தப் பொருளும் தன் பறக்கும் நேரத்தில் சரிபாதியை உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிக்கிறது. கீழே வேகமாக இருந்து, மேலே போகப்போகத் தயங்கி, உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகே மனசில்லாமல் இறங்குவதால் வரும் கணக்கு அது. ஆக, அந்த ஒரு விநாடியில் அரை விநாடி, கடைசி 30 சென்டிமீட்டருக்குள்ளேயே நடக்கிறது. கிறிஸ்டியன் ஹொசோய் என்ற ஓட்டக்காரர் உச்சியில் பலகையை ஒரு கையில் பற்றி, இரு கைகளையும் விரித்துச் சிலுவைபோல நிற்பார். அவர் காற்றில் தங்கிவிட்டதுபோலத் தோன்றுவதாகப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். தோற்றம் என்று தள்ளிவிட முடியாது. உண்மையிலேயே அவர் பெரும்பொழுதை அங்கேதான் கழித்தார்.

புகைப்படக்காரருக்கு இந்த உச்சி ஒரு வரம். மேலும் கீழும் போகும் வேகம் அங்கே பூஜ்யமாகிவிடுவதால், ஷட்டர் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் படம் கலங்காது. ஆனால் உச்சியைக் கண்டபிறகு அழுத்தினால் இறக்கம்தான் பதியும். அவர் எழும்போதே, எவ்வளவு எழப்போகிறார் என்பது தெரிந்து, கால் விநாடி முன்பாக விரல் கிளம்பியாக வேண்டும். கச்சேரியில் பாடகர் எடுப்புக்கு வந்துவிட்டதைக் கேட்டபின் மிருதங்கக்காரர் கையை ஓங்கினால் தாளம் போய்விடும். இருவரும் சேர்ந்து வந்து ஒரே இடத்தில் விழுகிறார்கள். ஏனென்றால் பாடகரின் மூச்சு அவருக்குத் தெரியும். கிராண்ட் அந்தக் கிண்ணத்தின் ஓரத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றார். யார் எந்தச் சுவரில் எவ்வளவு உந்துவார், யாருடைய இடது தோள் எழும்புமுன் தாழும் என்பது போகப்போக விரலில் ஏறிவிடுகிறது. ஜன்னல் வழியே உச்சியைத் தெளிவாகப் பார்த்துவிட்டால் படம் தப்பிவிட்டது என்று அர்த்தம். நல்ல படம் எடுத்த கணத்தில் அவருக்குத் தெரிவது இருட்டு மட்டுமே. எனக்கு இந்தத் தொழிலின் பெரிய வியப்பு இதுதான்.

டெல் மாருக்கு வந்த பையன்களில் ஒருவன் மிக ஒல்லி. டோனி ஹாக் என்று பெயர், 1968இல் பிறந்தவன். மற்றவர்கள் சுவரிலிருந்து கிளம்பும்போதே கையால் பலகையைப் பற்றிக்கொண்டு எழுவார்கள். அவனுக்கு அந்த வலு போதவில்லை. அதனால் கையைப் பயன்படுத்தாமல் காலாலேயே பலகையை எழுப்பிக் காற்றுக்குப் போனபின் பற்றினான். இது சர்க்கஸ் வித்தை என்று முதலில் இளப்பமாகப் பேசினார்கள். பின்னால் உலகமே அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 1999இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி முதன்முதலாகத் தரையில் நின்றவர் அவர்தான். அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரியுமுன், எலும்பும் முழங்கால் கவசமுமாக அவன் அந்தக் கிண்ணத்தில் ஏறி இறங்கிய காலத்தைக் கிராண்டின் படங்களில் வரிசையாகப் பார்க்கலாம். ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாவதை, அப்பா அம்மா தவிர வேறொருவர் இவ்வளவு கவனமாகப் பதிவு செய்வது அரிது.

கையில்லாமல் பலகையை எழுப்பும் அந்த வித்தைக்கு 'ஆலி' என்று பெயர். ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்ட் 1970களின் கடைசியில் கிண்ணத்துச் சுவரில் செய்தது. அவருடைய செல்லப்பெயரே வித்தைக்கும் வந்தது. அதே மாநிலத்து ராட்னி மல்லன் 1980களின் தொடக்கத்தில் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். முதன்முறை பார்ப்பவருக்குப் பலகையைப் பாதத்தில் ஒட்டிவைத்திருப்பதாகத்தான் படும். ஒட்டில்லை, கயிறில்லை. பின்காலால் பலகையின் வாலை ஓங்கி மிதித்தால் வால் தரையில் மோதும். மோதிய வேகத்தில் தரை அதைத் திருப்பி மேலே தள்ளும், முன்பக்கம் ஏற்கெனவே எழும்பியிருக்கும். பலகையின் மேல்முகத்தில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான தாள் ஒட்டியிருக்கிறது. முன்காலை அதன்மேல் தேய்த்துக்கொண்டே மேலே இழுத்தால், உராய்வு பலகையைக் கூடவே இழுத்து வந்து பாதத்துக்குக் கீழே மட்டமாக நிறுத்தும். ஸ்கேட்டர்களின் முன்கால் காலணியில் சுண்டுவிரல் ஓரம் எப்போதும் தேய்ந்து ஓட்டையாக இருப்பதற்குக் காரணம் இந்தத் தேய்ப்புத்தான். அரை மீட்டர் ஆலி ஒன்று தொடங்கி முடிய 0.64 விநாடி. படத்துக்கு உகந்த உச்சி ஏறத்தாழ 0.2 விநாடி, அதாவது மனித விரல் அசைய ஆகும் அதே நேரம்.

இனி ஒளி. கிராண்ட் தொடங்கிய காலத்தில் பத்திரிகைகள் வண்ணப் படத்துக்கு விரும்பிய ஃபிலிம் கோடாக்ரோம் 64. அதன் சிவப்பும் நீலமும் இன்றைக்கும் மனத்தில் நிற்பவை. ஆனால் அது நிறைய ஒளி குடிக்கும். நல்ல வெயிலில் 1/500 விநாடி ஷட்டர் வைக்கலாம். அதற்குள் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் ஆள் 1 சென்டிமீட்டர்தான் நகர்வார். மாலையில் கிண்ணத்தின் பாதி நிழலுக்குள் போனதும் 1/125க்கு இறங்க வேண்டும், அப்போது நகர்வு 4 சென்டிமீட்டர். முகம் கலங்கிவிடும். வெயில் உச்சியில் இருந்தால் வேறு சிக்கல்: தலைக்கவசத்தின் நிழலில் முகமே இல்லாமல் போகும்.

ஆகவே ஃபிளாஷ். ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்க்க ஷட்டரின் உள்ளே பார்க்க வேண்டும். 35 மில்லிமீட்டர் கேமராக்களில் ஃபிலிமுக்கு முன்னால் இரண்டு திரைகள். முதல் திரை விலகி ஃபிலிமைத் திறக்கும், இரண்டாவது திரை பின்னாலேயே வந்து மூடும். மெதுவான ஷட்டரில் நடுவில் ஃபிலிம் முழுவதும் திறந்திருக்கும் ஒரு நேரம் உண்டு. வேகமான ஷட்டரில் அது கிடையாது. முதல் திரை மறுகரை சேருமுன்பே இரண்டாவது கிளம்பிவிடுவதால், இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு மட்டும் ஃபிலிமின் மேல் ஓடும். அந்த நேரத்தில் ஃபிளாஷ் மின்னினால் இடுக்கில் இருந்த கீற்று மட்டும் வெளிச்சமாகிப் பாதிப் படம் இருட்டாகும். அன்றைய சாதாரணக் கேமரா பலவற்றில் ஃபிளாஷோடு வேலைசெய்யும் உச்ச வேகம் 1/60 விநாடிதான். அதற்குள் நம் ஆள் 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். ஃபிளாஷ் அவரை ஓரிடத்தில் கூர்மையாக உறையவைக்கும். திறந்திருந்த மீதி நேரத்தில் பகல் வெளிச்சம் அவரையே மங்கலாக இழுத்துப் பூசும். ஒரே உடம்புக்கு இரண்டு உருவம், பக்கத்தில் ஒரு பேய் நிழல்.

இதற்கு வழி லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் ஷட்டர். பூவைப்போல நடுவிலிருந்து விரிந்து மூடும் மெல்லிய உலோக இதழ்கள். எவ்வளவு வேகமானாலும் ஒரு கணமாவது முழுதாக விரிவதால் ஃபிளாஷுக்குத் தடையில்லை. ஹாசல்பிளாட் போன்ற பெரிய கேமராக்களின் லென்ஸ்களில் இது இருந்தது, 1/500வரை. ஸ்கேட் படங்களில் வெயிலும் ஃபிளாஷும் சண்டையின்றி உட்கார்ந்து, வானம் கருநீலமாகவும் ஆள் பளிச்சென்றும் நிற்பதற்குப் பின்னால் அந்த உலோகப்பூவுக்குப் பங்குண்டு.

இருட்டில் கதை மாறுகிறது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கவலையில்லை. பார்க்க ஒளியே இல்லை. ஃபிளாஷ் மின்னும் நேரம் மட்டுமே படம். கையடக்க ஃபிளாஷ் முழுச் சக்தியில் 1/1000 விநாடி அளவுக்கு மின்னும். சக்தியைக் குறைத்தால் அதற்கும் குறைவாக. ஒளியே ஷட்டராகிவிடுகிறது. இந்த அறிவை உலகத்துக்குத் தந்தவர்களில் பெரியவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் கற்பித்த ஹெரால்டு எட்ஜர்டன். பால்துளி தட்டில் விழுந்து கிரீடமாகச் சிதறுவதை, துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைப்பதையெல்லாம் ஒளித்துடிப்பால் நிறுத்திக் காட்டியவர். அவருடைய பால்துளி ஆய்வுமேசையில் விழுந்தது. கிராண்டுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் ஆய்வுக்கூடம் கடற்கரைச் சாலை. மூன்று நான்கு ஃபிளாஷ்களைத் தூண்களில் தூக்கி நிறுத்தி, காற்று தள்ளாமல் மணல்மூட்டை கட்டி, கண்ணைக் கூசவைத்து ஓட்டக்காரரை விழவைக்காத கோணம் தேடி, ஒரு பையனின் துள்ளலுக்காகக் காத்திருந்தார்கள்.

அவர்களுக்கு இன்னும் மூத்த ஒரு முன்னோர் கலிஃபோர்னியாவிலேயே உண்டு. ஓடும் குதிரையின் நான்கு குளம்பும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழுமா என்ற கேள்விக்கு விடைகாண, எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878 ஜூனில் பாலோ ஆல்டோவின் ஓட்டக்களத்தில் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். குறுக்கே கட்டிய கம்பிகளைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓட ஓட ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எழும் என்று படங்கள் சொல்லின. டெல் மார் பூங்கா திறந்தது சரியாக நூறாண்டு கழித்து. அங்கேயும் பத்திரிகைகள் கேட்டது இதே வரிசைப் படங்களைத்தான். மோட்டார் பொருத்திய கேமரா விநாடிக்கு ஐந்தாறு படம் எடுக்கும். அப்படி விட்டால் ஒரு ரோல் ஏழு விநாடியில் தீர்ந்துபோகும்.

வரிசைப் படங்களின் அருமை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் விளங்கும். 1980களில் வேறொரு மாநிலத்தில், வேறொரு நாட்டில் இருந்த சிறுவன் ஒரு புதிய வித்தையை அசைவோடு பார்க்க வாய்ப்பு மிக அரிது. பத்திரிகை வரும். அதில் ஆறு படம், எட்டுப் படம். இரண்டு படங்களுக்கு நடுவே என்ன நடந்தது என்பதை அவன் தன் உடம்பால் ஊகித்தான். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஊகித்தான். சில நேரம் தவறாக ஊகித்து, அந்தத் தவறே வேறொரு வித்தையாகிவிடும். ஒற்றைப் படமானாலும் அதில் மூன்று செய்திகள் இருந்தாக வேண்டும்: எங்கிருந்து கிளம்பினார், என்ன செய்கிறார், எங்கே இறங்கப்போகிறார். உச்சியில் இருக்கும் ஆளை மட்டும் நெருக்கமாக எடுத்துவிட்டால் அழகாக இருக்கலாம். ஓட்டுகிறவர்களுக்கு அது ஒன்றும் சொல்லாது. மீன்கண் லென்ஸ் இங்கே உதவியது. மூலைக்கு மூலை 180 பாகையை வளைத்துப் போட்டுக்கொள்ளும் லென்ஸ் அது. கிண்ணம் முழுவதும், எதிர்விளிம்பும், ஆகாயமும் உள்ளே வந்துவிடும். ஆனால் ஆள் பெரிதாகத் தெரியவேண்டும் என்றால் கைக்கெட்டும் தூரத்துக்குப் போயாக வேண்டும். விளிம்பில் படுத்துக்கொண்டு, தலைக்கு மேல் பறக்கும் சக்கரங்களை அண்ணாந்து பார்த்து எடுப்பார்கள். ஆள் வந்து விழுவதும் பலகை வந்து லென்ஸில் மோதுவதும் இத்தொழிலில் அன்றாடம்.

இன்னொரு வழக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. காற்றில் எவ்வளவு அழகாகப் பதிந்திருந்தாலும், அந்த வித்தையை முடித்துப் பலகையின்மேல் நின்று ஓட்டிக்கொண்டு போனால்தான் படம் அச்சுக்குப் போகும். விழுந்துவிட்டால் அந்த வித்தை நடக்கவில்லை என்றே பொருள். 1/500 விநாடியில் எடுத்த படத்தில் அடுத்த விநாடி என்ன ஆனது என்பது யாருக்குத் தெரியப்போகிறது? ஓட்டியவருக்குத் தெரியும், எடுத்தவருக்குத் தெரியும். அவர்களுக்கு அது போதும். அதனால் ஒரே படிக்கட்டின்மேல் ஒரே தாவலை முப்பது தடவை, ஐம்பது தடவை. குதிகால் வீங்கும், முழங்கை கிழியும். ஒவ்வொரு தடவையும் எடுப்பவர் இதுதான் அந்தத் தடவை என்று நம்பி விரலை வைத்தாக வேண்டும். சோர்ந்து ஒன்றைத் தவறவிட்டால், அந்த ஒன்றில் அவன் நின்றுவிட்டால், இன்னொரு முறை விழச்சொல்லி அந்த உடம்பைக் கேட்க முடியாது. ஃபிலிம் காலத்தில் இத்தனைக்கும் பிறகு படம் வந்ததா என்று தெரியாது. ரோல் லேபுக்குப் போய் ஸ்லைடாகித் திரும்பும்வரை, மூடிய சிறு டப்பாவுக்குள் இருவருடைய நாளும் இருட்டில் கிடக்கும்.

1983இல் டிரான்ஸ்வேர்ல்டு ஸ்கேட்போர்டிங் என்ற பத்திரிகை தொடங்கியபோது கிராண்ட் அதன் முதல் புகைப்பட ஆசிரியரானார். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 1981 முதலே வந்துகொண்டிருந்த திராஷர் இதழ் முரட்டு அழகுக்குப் பேர்போனது. இங்கே கிராண்டின் கண் சற்று நிதானமானது, நிழலையும் வெற்றிடத்தையும் நேசித்தது. இருபது ஆண்டு அங்கே இருந்தார். பூங்காக்கள் மூடி, ஸ்கேட்டிங் தெருவுக்குப் போய், 1990களின் தொடக்கத்தில் வாங்க ஆளில்லாமல் நலிந்து, மறுபடி எழுந்ததையெல்லாம் பார்த்தார். 2004இல் நண்பர்களோடு சேர்ந்து தி ஸ்கேட்போர்டு மேக் என்ற இதழைக் கொண்டுவந்தார். இன்று உலகம் அறிந்த அடிபா ஜெஃபர்சன் போன்ற இளையவர்கள் அவரிடம் தொழில் பழகி வளர்ந்தார்கள். டெல் மார் ஸ்கேட் ராஞ்ச் 1987இல் இடிபட்டது. அடுத்த ஆண்டு அப்லண்ட் பூங்காவும் போயிற்று. கோடாக்ரோம் 2009இல் உற்பத்தி நின்றது. கான்சஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த உலகின் கடைசிக் கோடாக்ரோம் லேப் 2010 டிசம்பர் இறுதியோடு அதைக் கழுவ வாங்குவதை நிறுத்தியது. இடமும் இல்லை, ஃபிலிமும் இல்லை. அந்தக் கிண்ணத்தில் மாலை வெயில் எப்படி விழுந்தது என்று அறிய இனி அந்த ஸ்லைடுகள்தான்.

அவர் எடுத்ததில் மிகப் புகழ்பெற்ற படத்தை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். 'தி புஷ்' என்று அதை அழைக்கிறார்கள். 1987இல் டிரான்ஸ்வேர்ல்டின் அட்டையில் வந்தது. அப்போது அந்த இதழின் வடிவமைப்பைக் கவனித்தவர் பிற்பாடு அச்சு வடிவமைப்பில் பெரும்பெயர் எடுத்த டேவிட் கார்சன். படத்தில் டாட் ஸ்வாங்க் என்ற ஓட்டக்காரர். கிண்ணம் இல்லை, பறத்தல் இல்லை, உச்சி இல்லை. ஒரு கால் பலகையின் மேல். மற்றொரு கால் தரையைப் பின்னுக்கு உந்துகிறது. சுற்றிலும் வெறுமை. அவ்வளவுதான்.

இயற்பியலில் இதைவிட எளிமையானது ஒன்றுமில்லை. தரையைப் பின்னால் தள்ளு, தரை உன்னை முன்னால் தள்ளும். பலகை ஓட்டுகிற ஒவ்வொருவரும் நாளுக்கு நூறுதடவை செய்வது. டெல் மாரில் ஆண்டுக்கணக்கில் நின்ற கிராண்டின் கண்முன்னே இது எத்தனை ஆயிரம் முறை நடந்திருக்கும்! வித்தை தொடங்குமுன் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு எல்லோரும் கடத்திவிடும் நேரம் அது. அட்டைப்படத்துக்குப் பறக்கும் ஆள் வேண்டும் என்று கடைக்காரர் முதல் வாசகர்வரை எதிர்பார்த்த காலத்தில் அவர் அதைக் கொடுத்தார். கடைசியில் கிராண்ட் என்றதும் மக்களுக்கு நினைவு வருவது அதுவாகவே ஆகிவிட்டது. ஆகாயத்தில் ஹொசோய் விரித்த கைகளைவிட இந்தக் கால் எனக்கு நெருக்கமாக இருக்கிறது. ஹொசோயை நான் வியக்கிறேன். இந்தக் காலின் அசைவை என் முழங்காலில் உணர்கிறேன்.

டெல் மாரின் ஒல்லிப் பையன் டோனி ஹாக், பல ஆண்டுகள் கழித்துச் சமூக ஊடகத்தில் ஒரு படத்தைப் பகிர்ந்தார். மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி, வெறுங்காலோடு ஸ்கேட்போர்டின் மேல். அந்தப் படம் ஊர் உலகமெல்லாம் சுற்றியது. அவளையும் அவள் அம்மாவையும் பற்றிய 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கம் போயிருந்தபோது, பெரிய பையன் ஒருவன் ஆறேழு வயதுக் குழந்தைக்குப் பலகை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குதிக்கவோ சரிவில் இறங்கவோ இன்னும் நாளாகும். "இந்தக் கால மேல வை பாப்பா. அந்தக் கால கீழ வச்சுத் தள்ளு" என்றான். அவள் தள்ளினாள். பலகை நான்கடி ஓடி நின்றது. "இன்னொரு வாட்டி" என்றான். கைபேசியை வெளியே எடுத்தேன். அவள் கால் எப்போது தரையைத் தொடும் என்று பார்த்துக்கொண்டு விரலை வைத்தேன்.